பாட்டும் படமும்: ஜன்கர் சிங் ஷியாமின் தொடக்ககால ஓவியங்களும் ஏற்பு வரலாறும்

1. முன்னுரை

கலைஞர் ஒருவர் ஏற்புப் பெறும் வரலாற்றில் இரண்டு கூறுகள் உள்ளன. படைப்பு எவ்வாறு உருவாயிற்று என்பது ஒன்று. அப்படைப்பை அதன் சூழலுக்கு வெளியே உள்ளோர் எப்பெயரிட்டு அழைத்தனர் என்பது மற்றொன்று. முதற்கூறு கலை வரலாற்றாசிரியர்களால் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இரண்டாம் கூறு மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்துச் செலுத்த வேண்டிய ஒன்றாகும்.

இவ்விரு கூறுகளுக்கும் இடையே நீண்ட கால இடைவெளி அமையக்கூடும் என்பதற்குக் கோலார் தங்கவயல் சான்றாகும். அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழ் மறு ஆண்டில் 'தமிழன்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1914இல் அவர் மறைந்தார். 1926இல் தங்கவயலில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அவ்விதழ் மீண்டும் வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளர் நிறைந்த அவ்வூரின் சாம்பியன் ரீஃப்ஸ் பகுதியில் பண்டிதரின் நூல்கள் அச்சிடப்பட்டன. ஒரு தொழிலாளர் சமூகம் இவ்வாறு காத்துவந்த சிந்தனையைத் தமிழ் ஆய்வுலகம் பரவலாக அறிந்தது, ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே ஆகும். படைப்பும் அதனைப் போற்றிய மக்களும் முன்பே இருந்தனர். பிறர் அதனை அறிந்துகொள்வதற்குரிய தொகுப்பும் பெயரும் பின்னரே வந்தன.

எழுத்தில் நிகழ்ந்த இவ்வகைக் காலத்தாழ்வு ஓவியத்தில் எவ்வாறு நிகழ்கிறது என்பதனை, மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு ஓவியர் ஜன்கர் சிங் ஷியாமின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். 'தாமே பயின்ற நாட்டுப்புற ஓவியர்' என்னும் தொடர் அவரைக் குறித்துப் பலமுறை வழங்கப்பட்டுள்ளது. இத்தொடரில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஆய்வுக்குரியது.

2. பெயரும் ஊரும்

ஜன்கர் சிங் ஷியாம் 1960களின் தொடக்கத்தில் அன்றைய மண்ட்லா மாவட்டத்தைச் சார்ந்த பாடன்கர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று டிண்டோரி மாவட்டத்தில் அடங்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த வேளையில் பிறந்தமையால் அவருக்கு இப்பெயர் இடப்பட்டது என்பர். 'ஜனகணனா' என்னும் வடசொல் ஊர்மக்கள் நாவில் திரிந்து 'ஜன்கர்' ஆயிற்று. அரசு அலுவலர் வீடுதோறும் சென்று தலை எண்ணிய நிகழ்ச்சியே ஒரு குழந்தையின் பெயராக நிலைத்துவிட்டது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1652 தாய்மொழிப் பெயர்களைப் பதிவு செய்ததை மொழியியலார் நன்கறிவர். அந்தத் தலைமுறையின் கணக்கெடுப்பு, மக்களின் மொழிகளுக்குப் பெயர் குறித்தது மட்டுமன்றி மக்களுக்கே பெயராகவும் அமைந்தது என்பதற்கு இஃது அரிய சான்று.

பாடன்கர் ஆய்வாளருக்கு முற்றிலும் புதிய ஊரன்று. மானிடவியலாளர் வெரியர் எல்வின் 1940களில் அங்கு வாழ்ந்தார். அவருடன் பணியாற்றிய ஷாம்ராவ் ஹிவாலே, மேல் நருமதைப் பள்ளத்தாக்கின் பர்தான்களைப் பற்றி 1946இல் தனி நூலே வெளியிட்டார். எல்வின் 1951இல் நடு இந்தியப் பழங்குடிகளின் கலை பற்றிய நூலை வெளியிட்டார். ஆயினும் அந்நூல்களில் கலை என்பது பெரும்பாலும் ஒரு குடியின் உடைமையாகவே பதிவாயிற்று. ஓவியர் ஒருவரின் தனிப்பெயர் முன்னிற்பதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

பர்தான்கள் கோண்டு மக்களின் பாணர் எனத் தகும் பிரிவினர். கோண்டுக் குடும்பங்களின் குலவரலாற்றையும் அரசர் கதைகளையும் தெய்வக் கதைகளையும் பாடுவது அவர்தம் மரபுத் தொழில். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தம்மைப் புரக்கும் குடும்பங்களின் இல்லங்களுக்குச் சென்று, 'பானா' என்னும் மூன்று நரம்புக் கருவியை வில்லால் இசைத்துப் பாடிப் பரிசில் பெறுவர். அவர்தம் முதன்மைத் தெய்வமான படா தேவ், சாஜா மரத்தில் உறைவதாக நம்பிக்கை. சாஜா என்பது தமிழில் கருமருது எனப்படும் மரம். உடன்பிறந்தார் எழுவருள் இளையவன் அம்மரத்தின் கிளையால் பானா செய்து இசைத்துத் தெய்வத்தின் சினத்தைத் தணித்தான் என்றும், அவன் வழிவந்தோரே பர்தான்கள் என்றும் அவர்கள் கூறுவர். தமிழ்ப் பாணர் மரபினை அறிந்தோர்க்கு யாழும் பரிசிலும் புரவலர் இல்லமும் இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே.

3. மொழிச் சூழல்

கோண்டி மொழி தென் நடுத் திராவிடப் பிரிவினைச் சார்ந்தது; தெலுங்கு, கூயி, கூவி, கொண்டா முதலியவற்றுக்கு நெருங்கியது. அதன் எண்ணுப்பெயர்களான ரண்ட், மூண்ட், நாலுங் ஆகியன தமிழின் இரண்டு, மூன்று, நாலு என்பவற்றோடு உறவுடையன என்பது வெளிப்படை. பாட்டினைக் குறிக்கும் 'பாட்டா', மரத்தைக் குறிக்கும் 'மடா' போன்ற சொற்களும் அவ்வகையின. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் கோண்டியைத் தாய்மொழியாகக் குறித்துள்ளனர். கோண்டு இனத்தவரின் தொகையோ ஒரு கோடியைத் தாண்டும். இனத்தவருள் பெரும்பான்மையோர் பிறமொழிக்கு மாறிவிட்டனர் என்பது இதனால் புலனாகும். மண்ட்லா, டிண்டோரிப் பகுதிகளில் வாழும் பர்தான்களிடையே இந்தியின் கிளைமொழிகளே பெரிதும் வழங்குகின்றன.

எனவே ஜன்கரின் தலைமுறைக்குக் கிடைத்த கதைச் செல்வம், முன்னரே ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ந்த ஒன்றாகும். தெய்வப் பெயர்களும் குலப்பெயர்களும் நிலைத்திருக்க, அவற்றைச் சூழ்ந்த மொழி மாறிவிட்டது. புரவலர் குடும்பங்களின் வளம் குன்றியதால் பானா இசைப்போரும் குறைந்தனர். இச்சூழலில் வளர்ந்த ஜன்கர் வறுமை காரணமாகப் பள்ளிக் கல்வியை இடையிலேயே விட்டுக் கூலி வேலைக்குச் சென்றார்.

4. தொடக்ககாலப் படைப்பு

பாடன்கர்ப் பகுதியின் வீடுகளில் சுவரும் தரையும் பெண்களின் கைவண்ணத்துக்கு உரியன. மண்ணும் சாணமும் இட்டு மெழுகிய பரப்பில் முக்கோணம், கட்டம், வளைகோடு முதலியவற்றால் அமையும் கோலவகை 'திக்னா' எனப்படும். ஈரமண்ணைக் கொண்டு சுவரில் புடைப்பாக அமைக்கப்படும் அணிவேலையும் உண்டு. வெள்ளை மண், செம்மண், மஞ்சள் மண், கரி ஆகியன வண்ணங்களாயின. ஜன்கர் தம் ஊரில் இம்மரபினுள் நின்றே சுவரில் உருவங்களை அமைத்தார்.

'திக்னா' என்பதைத் தமிழில் 'கோலம்' என்று பெயர்க்கலாமா என்பது சிந்திக்கத்தக்கது. தரையில் இடப்படுதல், பெண்களின் கலையாக விளங்குதல், திருவிழாக்களோடு தொடர்புறுதல் ஆகியவற்றால் ஒப்புமை உண்டு. ஆனால் கோலம் வாசலில் மாவினால் இடப்பட்டு அன்றே அழிவது. திக்னாவோ வீட்டுச் சுவரின் பகுதியாக மறுமெழுக்கு வரை நிற்பது. மூலச்சொல்லை வைத்து விளக்கம் தருவதே இங்குத் தக்கது.

இத்தகைய கலைகளைக் குறிக்கும் வினைச்சொற்களும் நோக்கத்தக்கன. பிகார் மாநிலத்து மிதிலைப் பெண்கள் தம் சுவரோவியத்தை 'எழுதுதல்' என்னும் பொருள்படும் வினையாலேயே குறிப்பர். தமிழிலும் 'எழுது' என்னும் வினை பழங்காலத்தில் ஓவியம் தீட்டுதலையும் குறித்தது. தொய்யில் எழுதுதல், கண்ணுக்கு மை எழுதுதல் என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. 'வரைதல்' என்னும் சொல் இன்றும் படத்துக்கும் கட்டுரைக்கும் பொதுவாக வழங்குகிறது. எழுத்தறிவின்மையையும் கல்வியின்மையையும் ஒன்றாகக் கருதும் போக்கு, இச்சொற்கள் உணர்த்தும் பொதுமையைக் காணத் தவறிவிடுகிறது.

5. போபால் நகரில்

சார்லஸ் கொரயா வடிவமைத்த பாரத் பவன் என்னும் கலை நிறுவனம் 1982 பிப்ரவரி 13ஆம் நாள் போபாலில் திறக்கப்பட்டது. அதன் ரூபங்கர் அருங்காட்சியகத்தை உருவாக்கியவர் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் (1928-1994). தமிழ்க் குடும்பத்தில் சிம்லாவில் பிறந்த அவர், இளங்கலைஞர்களையும் மாணவர்களையும் குழுக்களாகப் பழங்குடி ஊர்களுக்கு அனுப்பிக் கலைப்பொருள்களைத் திரட்டினார். 1981இல் பாடன்கர் சென்ற குழு, ஒரு வீட்டுச் சுவரில் கண்ட ஓவியத்தைத் தீட்டியவரைத் தேடிச் சென்றது. அது அனுமன் உருவம் என்பர். அவ்வாறு கண்டறியப்பட்டவரே ஜன்கர். சுவாமிநாதன் அழைப்பின்பேரில் அவர் போபாலுக்கு வந்தார். பாரத் பவன் திறக்கப்பட்டபோது அவருடைய படைப்பும் காட்சியில் இடம்பெற்றது. பின்னர் அந்நிறுவனத்தின் அச்சோவியப் பிரிவிலேயே அவர் பணியில் அமர்ந்தார்.

ரூபங்கர் அருங்காட்சியகத்தில் நகர ஓவியர் படைப்புகளும் பழங்குடியினர் படைப்புகளும் ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டன. இரு சாராரும் ஒரே காலத்தில் வாழ்ந்து படைப்பவர்கள். ஆகவே இருவர் கலையும் சமகாலக் கலையே என்பது சுவாமிநாதனின் கொள்கை. 1987இல் வெளிவந்த அவருடைய நூல் இக்கருத்தினை விரித்துரைக்கிறது. 'பழங்குடி' என்னும் அடைமொழி காலத்தால் பின்தங்கியமையைக் குறிப்பாக உணர்த்துவதை அவர் மறுத்தார் எனலாம்.

6. பாட்டிலிருந்து படத்திற்கு

போபாலில் ஜன்கருக்குத் தாளும் துணியும் மையும் கடைவண்ணங்களும் கிடைத்தன. மண் வண்ணத்தின் வரம்பு நீங்கியது. ஆயினும் அவர் படைப்பில் நிகழ்ந்த மாற்றம் கருவிகளால் மட்டும் விளைந்ததன்று. பர்தான் மரபில் தெய்வங்கள் பாடப்பட்டனவேயன்றிப் பெரும்பாலும் உருவம் பெறவில்லை. மரமும் கல்லும் மண்மேடும் தெய்வத்தின் இருப்பிடமாயின. படா தேவ், தாக்குர் தேவ் முதலிய தெய்வங்களுக்கு முகமும் உடலும் அணியும் தந்து தாளில் நிறுத்தியவர் ஜன்கர்.

அவர் ஓவியங்களில் பின்னணிக் காட்சி மிகக் குறைவு. ஓர் உருவம் பரப்பினை நிறைத்து நிற்கும். அதன் உட்பகுதி புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் சீப்பின் பற்களை ஒத்த வரிசைகளாலும் நிரப்பப்படும். மானின் கொம்பு கிளைவிட்டு மரமாக விரியும். அக்கிளைகளில் பறவைகள் அமரும். வெண்தாளில் கருமையால் தீட்டிய கோட்டோவியங்களில் இப்புள்ளிகள் தாளகதியில் அமைவதைக் காணலாம். பச்சைக்குத்து வடிவங்களையும் சுவரணிகளையும் இவற்றின் மூலமாகக் காட்டுவர்.

மொழியியலார் ரோமன் யாகப்சன் 1959இல் மொழிபெயர்ப்பினை மூன்றாக வகுத்தார். ஒரே மொழிக்குள் நிகழ்வது, இரு மொழிகளுக்கிடையே நிகழ்வது என்பவற்றுடன், மொழிக் குறிகளை மொழியல்லாத குறிகளால் பெயர்ப்பதனை மூன்றாவது வகையாகக் கொண்டார். ஜன்கரின் பணி இம்மூன்றாம் வகையினைச் சார்ந்தது. கலை விமரிசகர் உதயன் வாஜ்பேயியும், பர்தான்களின் இசை ஓவியமாக மாறியதே இப்படைப்பின் அடிப்படை எனக் கருதுகிறார். பாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் செய்திகள் படத்தில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். தெய்வத்தின் அடைமொழிகள் அணிகளாக வேண்டும். எதை விடுவது, எதை வைப்பது என்னும் தேர்வு மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் தேர்வேயாகும்.

இங்குத் 'தாமே பயின்றவர்' என்னும் தொடரின் குறைபாடு வெளிப்படுகிறது. கலைக்கல்லூரியில் பயிலாமை உண்மை. ஆனால் பாடுவோர் குலத்தில் பிறந்து, கதைகளைச் செவிவழிப் பெற்று, வீட்டுச் சுவர்களைக் கண்டு வளர்ந்த ஒருவரைப் பயிற்சியற்றவர் எனக் கூறுதல் பொருந்தாது. ஏட்டுக்கல்வி பெறாத கதைசொல்லியை மொழி அறியாதவர் எனக் கூறுவதற்கு அஃது ஒப்பாகும்.

7. ஏற்பும் பெயர்களும்

1986இல் மத்தியப் பிரதேச அரசின் சிகர் சம்மான் விருது ஜன்கருக்கு வழங்கப்பட்டது. 1989ஆம் ஆண்டு மே முதல் ஆகஸ்டு வரை பாரிசில் ழான் உபேர் மார்த்தேன் அமைத்த புகழ்பெற்ற கண்காட்சியில் அவர் பங்கேற்றார். 100க்கும் மேற்பட்ட கலைஞர்களுள் ஏறத்தாழப் பாதியினர் மேலைநாடுகளுக்கு வெளியே இருந்து தெரிந்தெடுக்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து மிதிலை ஓவியர் பௌவா தேவி, வார்லி ஓவியர் ஜிவ்யா சோமா மாஷே ஆகியோரும் இடம்பெற்றனர். அக்கண்காட்சியின் பிரெஞ்சுப் பெயரினை 'மண்ணுலகின் மந்திரவித்தையர்' எனத் தமிழாக்கலாம். 'கலைஞர்' என்னும் சொல் எல்லாப் பண்பாடுகளுக்கும் பொருந்துமா என்னும் ஐயத்தால் அமைப்பாளர் அச்சொல்லைத் தலைப்பில் தவிர்த்தனர். அத்தவிர்ப்பு மேலைநாட்டுப் படைப்பாளிக்கு ஒரு புனைபெயர் போல அமைந்தது. பழங்குடிப் படைப்பாளிக்கோ, அவர் பெற முயன்ற பெயரே தள்ளிப்போயிற்று.

போபாலில் சார்லஸ் கொரயா வடிவமைத்த சட்டமன்றக் கட்டடத்தின் சுவர்களிலும் ஜன்கர் பேரோவியங்களைத் தீட்டினார். 1998இல் ஜோதீந்திர ஜெயின் வெளியிட்ட நூல் சமகால நாட்டுப்புற, பழங்குடிக் கலைஞர் ஐவரை ஆராய்ந்தது. ஜன்கர் அவருள் ஒருவர். கங்கா தேவி, சோனாபாய் ஆகியோரும் அதில் இடம்பெற்றனர். குடியின் பெயரால் வழங்கிய கலையைத் தனிக்கலைஞரின் பெயரோடு இணைத்தது அந்நூலின் சிறப்பு. அதன் ஆங்கிலத் தலைப்பினை 'மற்றைய மேதைகள்' எனப் பெயர்க்கலாம். இதில் 'மேதைகள்' என்பது மதிப்பையும் 'மற்றைய' என்பது வேறுபாட்டையும் ஒருங்கே உணர்த்துகின்றன. நாட்டுப்புறக் கலைஞர், பழங்குடிக் கலைஞர், மந்திரவித்தையர், மற்றைய மேதை என ஏற்பின் ஒவ்வொரு படியிலும் ஒரு பெயர் பிறந்தது. அப்பெயர்களுள் ஒன்றும் அவர் தாமே சூட்டிக்கொண்டதன்று.

8. ஏற்பின் மறுபுறம்

1988இல் பிறந்த தம் மகளுக்கு, தாம் மேற்கொண்ட ஜப்பான் பயணத்தின் நினைவாக 'ஜப்பானி' எனப் பெயரிட்டார் ஜன்கர். கணக்கெடுப்பால் பெயர் பெற்றவரின் மகள் கடல்கடந்த பயணத்தால் பெயர் பெற்றார். 2001 சூலையில், ஜப்பானின் நீகாட்டா மாநிலத்தில் உள்ள மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி ஓவியம் தீட்டிவந்த காலத்தில் ஜன்கர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவர் வயது நாற்பதை ஒட்டியிருந்தது.

இம்மறைவு இந்தியக் கலையுலகில் ஆழ்ந்த துயரையும் வினாக்களையும் எழுப்பியது. அயல்நாடு செல்லும் நாட்டுப்புறக் கலைஞரின் பணிநிலை, ஊதியம், ஒப்பந்தம் ஆகியன பேசுபொருளாயின. அதுவரை அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் தொன்மை, கற்பனை, எளிமை முதலிய சொற்கள் மிகுதி. உழைப்பைக் குறிக்கும் சொற்கள் மிகக் குறைவு. புகழ்ச்சிச் சொற்கள் பெருகிய அளவுக்கு ஒரு தொழிலாளியின் உரிமையைக் குறிக்கும் சொற்கள் பெருகவில்லை என்பது ஏற்பின் சொல்லாட்சியில் உள்ள பெருங்குறையாகும்.

9. வழிமரபு

ஜன்கர் தம் வாழ்நாளிலேயே உறவினர் பலரைப் போபாலுக்கு அழைத்து ஓவியத்தில் பழக்கினார். அவர் மனைவி நன்குசியா ஷியாமும் ஓவியரானார். இவ்வழிமரபினை 'ஜன்கர் கலம்' எனப் பெயரிட்டு வழங்கியவர் உதயன் வாஜ்பேயி. 'கலம்' என்பது எழுதுகோலைக் குறிக்கும் அரபுச் சொல். 'கலம்காரி' என்பதன் முதனிலையும் இதுவே. வடஇந்தியச் சிற்றோவிய மரபில் காங்ரா கலம் என்பது போல, ஓர் ஓவிய நெறியைக் குறிக்க இச்சொல் வழங்கும். அரசவை ஓவிய நெறிகளுக்கு உரிய சொல் ஒரு பர்தான் கலைஞரின் இயற்பெயரோடு சேர்ந்தது. குடிப்பெயரோ இடப்பெயரோ இன்றி ஒருவர் பெயரே நெறியின் பெயரானமையால், முன்னைய பெயர்களினும் இது பொருத்தமுடையது.

ஜன்கரின் உறவினரான பஜ்ஜு ஷியாம், இலண்டனில் ஓர் உணவகத்தில் ஓவியம் தீட்டச் சென்ற பட்டறிவினைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் நூலாக வெளியிட்டது. இலண்டனின் மணிக்கூண்டு அதில் சேவலாகிறது. 30ஆம் எண் பேருந்து நாயாகிறது. காலத்தை அறிவிப்பது சேவல், தவறாது இல்லம் சேர்ப்பது நாய் என்னும் ஊர்ப்புறப் பொருள்வழக்கு அயல்நகரைப் படிக்கும் அகராதியாகிறது. அவர் இந்தியில் வாய்மொழியாகக் கூறியவற்றைக் கீதா வுல்ஃபும் சிரிஷ் ராவும் ஆங்கில நூலாக்கினர். பஜ்ஜு ஷியாம் 2018இலும், அதே மரபினரான துர்காபாய் வியாம் 2022இலும் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஜன்கரின் தொடக்ககாலப் படைப்பு பயிற்சியற்ற கையின் தற்செயல் விளைவன்று. பாட்டு மரபினைப் பட மரபாக்கிய மொழிபெயர்ப்புச் செயலாகும். இரண்டாவது, ஏற்பு என்பது திரட்டுவோர், காக்கும் நிறுவனம், வழங்கும் பெயர் ஆகிய மூன்றும் கூடியபோதே கிட்டியது. மூன்றாவது, அப்பெயர்களை மொழிபெயர்ப்போர் அவற்றின் குறிப்புப் பொருளையும் எடைபோடுதல் வேண்டும். 'நாட்டுப்புற', 'தாமே பயின்ற' என்பன போன்ற அடைகளை ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்து வைப்பதினும், பர்தான் பாடகர் மரபில் வந்த ஓவியர் எனக் கூறுவது செறிவும் உண்மையும் உடையது.

ஜன்கரின் ஓவியங்கள் பெங்களூரின் கலை மற்றும் ஒளிப்படவியல் அருங்காட்சியகத்தின் தொகுப்பிலும் உள்ளன. அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அவ்வூர்த் தமிழர் அச்சிட்டுக் காத்த எழுத்துக்குத் தொகுப்பாசிரியர் ஒருவர் வாய்த்தார். பாட்டும் சுவரணியும் கைவினையுமாகத் தொழிலாளர் குடியிருப்புகளில் வழங்குவனவற்றை, அவற்றைச் செய்தோர் பெயரோடும் அவர்தம் சொற்களோடும் பதிவு செய்வது மொழி ஆய்வாளர் முன் உள்ள பணியாகும். பெயர் கேட்டுக் குறிக்கும் அப்பணி, பொருளைத் திரட்டும் பணிக்கு முன்னரே தொடங்கப்பட வேண்டும்.